பவளத் தோட்டத்து மீன்களும் அவற்றின் உணவும்

தோட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன ரப்பர் மரங்களும் செம்பனை மரங்களுமே. நமது ஜொகூர் மாநிலத்தில் கடலுக்கு அடியிலும் ஒரு தோட்டம் இருக்கிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மெர்சிங் பட்டணத்திற்கு எதிரே, தென்சீனக் கடலில், ரவா, பெசார், தெங்கா, சிபு, திங்கி, பெமாங்கில், அவுர் முதலிய தீவுகள் அமைந்துள்ளன. அத்தீவுகளைச் சூழ்ந்த ஆழம் குறைந்த நீரில் பவளப்பாறைகள் வளர்ந்திருக்கின்றன. அப்பாறைகளை நாடிப் பல நிற மீன்கள் கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன.

அம்மீன்கள் யாவும் ஒரே உணவையா உண்கின்றன? இல்லை. ஒன்று பவளத்தைக் கொத்தும். மற்றொன்று பாறையைச் சுரண்டும். வேறொன்று பாசியை மேயும். எந்த மீன் எதனை உண்கிறது என்பதை அறிந்தால், பவளப்பாறை எதனால் வாழ்கிறது, எதனால் அழிகிறது என்பதும் நமக்கு விளங்கும். அதனை இக்கட்டுரையில் காண்போம்.

பவளம் என்பது யாது?

பவளம் கல்லும் அன்று, செடியும் அன்று. அது விலங்கினத்தைச் சேர்ந்த ஓர் உயிர். நகைக்கடையில் நாம் காணும் செம்பவளம் மத்தியதரைக் கடல் முதலிய இடங்களில் கிடைக்கும் வேறோர் இனமாகும். நமது தீவுகளில் உள்ளது பாறைகட்டும் பவளம்.

ஒவ்வொரு பவள உயிரும் மிகச் சிறியது. மெல்லிய சதையாலான குழாய் போன்றது. அதன் மேற்புறத்தில் ஒரு வாய் உண்டு. வாயைச் சுற்றி விரல்கள் போன்ற இழைகள் உண்டு. அடிப்புறத்தில் அது சுண்ணாம்பினாலான கிண்ணம் ஒன்றைக் கட்டிக்கொள்கிறது. இவ்வாறு ஆயிரக்கணக்கான உயிர்கள் ஒன்றோடொன்று இணைந்து வாழ்வதால் பெரிய பவளக் கூட்டம் உண்டாகிறது. பழைய உயிர்கள் மடிந்தபின் எஞ்சும் சுண்ணாம்பின்மேல் புதியவை வளர்கின்றன. பல நூறு ஆண்டுகளில் அதுவே பாறையாக உயர்கிறது.

பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக் கொண்டு உணவு செய்து, அதில் பெரும் பங்கைப் பவளத்திற்குத் தருகின்றன. பவளத்தின் நிறத்திற்கும் அவையே பெரிதும் காரணம். ஆகவே பவளம் வாழ ஒளி புகும் தெளிந்த நீர் இன்றியமையாதது. இதனை நினைவில் வைத்துக்கொள்வோம்.

பவளத்தின் வகைகள்

பவளங்கள் வடிவத்தால் பலவகைப்படும். மான்கொம்பு போல் கிளைத்து வளர்வது கிளைப் பவளம். விரித்த குடை போல் தட்டையாகப் பரவுவது மேசைப் பவளம். முட்டைக்கோசின் இதழ் போல் மடிந்து நிற்பது இலைப் பவளம். பெரும் பாறாங்கல் போல் உருண்டு திரண்டிருப்பது உருண்டைப் பவளம். கவிழ்த்து வைத்த காளான் போல் மணலில் கிடப்பது காளான் பவளம். கல்போன்ற கூடு இல்லாமல் நீரில் அசைந்தாடுவது மென்பவளம்.

இவற்றின் வளர்ச்சியும் வேறுபடும். கிளைப் பவளங்களில் சில ஓராண்டில் 10 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். உருண்டைப் பவளமோ ஓராண்டில் ஏறத்தாழ 1 சென்டிமீட்டரே வளரும். விரைந்து வளரும் கிளைப் பவளம் எளிதில் முறியும், வெப்பத்தையும் தாங்காது. மெதுவாக வளரும் உருண்டைப் பவளம் இரண்டையும் ஓரளவு தாங்கும். இந்த வேறுபாடு மீன்களின் வாழ்வையும் பாதிப்பதைப் பின்னர்க் காண்போம்.

பவளத்தைக் கொத்தும் மீன்கள்

பவளத்தின் சதையையே உணவாகக் கொண்ட மீன்களில் முதன்மையானது வண்ணத்துப்பூச்சி மீன். தட்டையான உடலும் சிறு வாயும் தூரிகை போன்ற மெல்லிய பற்களும் உடையது. உலகில் இதில் ஏறத்தாழ 130 இனங்கள் உள்ளன.

நமது தீவுகளில் காணத்தக்கது எட்டுக்கோட்டு வண்ணத்துப்பூச்சி மீன். வெளிர்மஞ்சள் நிற உடலில் எட்டுக் கருங்கோடுகள் மேலிருந்து கீழாக ஓடுவதால் இப்பெயர் பெற்றது. நம் உள்ளங்கை அளவே இருக்கும். வளர்ந்த மீன்கள் பெரும்பாலும் இணையாகத் திரியும். குஞ்சுகள் கிளைப் பவளத்தின் இடுக்குகளில் கூட்டமாக ஒளிந்திருக்கும். அது பவளத்தின் அருகே சென்று, ஓர் உயிரைக் கொத்தும்; உடனே விலகும்; மறுபடியும் வேறோர் இடத்தில் கொத்தும். பகற்பொழுதெல்லாம் அதற்கு இதுவே வேலை.

இவ்வாறு கொத்தினால் பவளம் அழியாதா என்று நீங்கள் கேட்கலாம். நலமான பவளம் பொதுவாக இதனால் அழிவதில்லை. மீன் ஒரே இடத்தில் நின்று அனைத்தையும் தின்றுவிடுவதில்லை. சுண்ணாம்புக் கூட்டையும் உடைப்பதில்லை. கொத்தப்பட்ட இடத்தில் புதுச் சதை வளர்கிறது. அளவோடு கொழுந்து பறித்தால் தேயிலைச் செடி மீண்டும் தளிர்ப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

வண்ணத்துப்பூச்சி மீன்கள் எல்லாம் ஒரே பவளத்தை உண்பதில்லை. அம்புக்குறி போன்ற கோடுகளையுடைய ஓர் இனம் மேசைப் பவளத்தையும் அதன் உறவான கிளைப் பவளத்தையும் தவிர வேறெதனையும் பெரும்பாலும் தொடாது. தன் மேசைப் பவளத்தின் அருகே வேறு மீன் வந்தால் துரத்தியடிக்கும். மற்றோர் இனம் மென்பவளத்தை விரும்பி உண்ணும். நீண்ட மூக்கும் செம்பு நிறப் பட்டைகளும் உடைய இன்னோர் இனம், தன் மூக்கைக் குறடு போல் பாறையிடுக்கில் நுழைத்துச் சிறு புழுக்களையும் இறால் போன்ற சிற்றுயிர்களையும் பிடித்துத் தின்னும். வாயின் அமைப்பைக் கண்டே உணவின் வகையை ஊகிக்கலாம்.

பச்சை உடலில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளையுடைய சிறு கிளாத்தி மீன் ஒன்றுண்டு. அது கிளைப் பவளத்தை உண்டு உண்டு, அப்பவளத்தின் வாசனையையே தன் உடலிலும் பெற்றுவிடுகிறது. அதனால் அதனை வேட்டையாடும் மீன்கள் மோப்பத்தால் அதனைப் பவளத்திலிருந்து பிரித்தறிய இயலாமல் ஏமாறுகின்றன. உணவே அதற்குக் கவசமும் ஆகிறது.

பாறையைச் சுரண்டும் கிளிமீன்

மீன் கடைகளில் ‘ஈக்கான் பாயான்’ என்னும் பெயரில் பச்சையும் நீலமுமாக ஒரு மீன் விற்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே கிளிமீன். அதன் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிளியின் அலகைப் போல் அமைந்துள்ளன. ஒருவகைக் கிளிமீனின் வாயில் ஏறத்தாழ 1,000 பற்கள் 15 வரிசைகளாக உள்ளன என்றும், அவை உயிர்களிடத்துக் காணும் மிகக் கடினமான பொருள்களுள் ஒன்று என்றும் 2017ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

கிளிமீன் பவளத்தைத் தின்று அழிக்கும் மீன் என்று சிலர் கருதுவர். அக்கருத்து முழுதும் சரியன்று. பெரும்பாலான கிளிமீன்கள் மடிந்த பவளத்தின்மேல் படர்ந்திருக்கும் பாசியையும் நுண்ணுயிர்களையுமே சுரண்டி உண்கின்றன. சில இனங்கள் மட்டும் உயிருள்ள பவளத்தையும் கடிக்கும். உருண்டைப் பவளத்தின்மேல் வெண்மையான கீறல்கள் இணையிணையாகக் காணப்பட்டால், அவை கிளிமீனின் பல் தடங்கள் என்று அறியலாம்.

சுரண்டும்போது பாசியோடு சுண்ணாம்பும் வாய்க்குள் செல்கிறது. கிளிமீனுக்கு இரைப்பை கிடையாது. தொண்டையில் அம்மி போன்ற இரண்டாவது பற்கூட்டம் ஒன்று உண்டு. அது சுண்ணாம்பை மாவாக அரைக்கிறது. சத்து குடலில் சேர்கிறது. எஞ்சியது வெண்மணலாக வெளியேறுகிறது. மாலத்தீவு நாட்டின் வக்காரு தீவில், பவளத்திட்டில் புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்களால் ஆனது என்று 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகிறது. பவளக் கடற்கரைகளில் நாம் வெறுங்காலோடு நடக்கும் வெண்மணலில் ஒரு பகுதி இம்மீன்கள் அரைத்துத் தந்ததே.

கிளிமீன்களில் மிகப் பெரியது நெற்றி புடைத்த கிளிமீன். அது 1.3 மீட்டர் நீளம் வரை வளரும். சபாவின் சிப்பாடான் தீவில் அது மந்தையாக நீந்துவதைக் காணலாம். அதன் உணவில் ஏறக்குறையப் பாதி உயிருள்ள பவளம். ஒரு மீன் ஓராண்டில் 5 டன்னுக்கு மேற்பட்ட சுண்ணாம்பை விழுங்குகிறது என ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர்.

களை எடுக்கும் மீன்கள்

தோட்டத்தில் வேலை செய்யும் நம் பெற்றோர் நன்கறிந்த செய்தி ஒன்றுண்டு. ரப்பர்க் கன்று நட்ட நிரையில் லாலாங் புல் மண்டினால் கன்று தேறாது. உரமும் ஒளியும் களைக்கே போய்ச் சேரும். கடலிலும் இதே நிலைதான். பவளத்திற்குக் களையாவது கடற்பாசி. பாசி பவளத்தைவிடப் பன்மடங்கு விரைவாக வளரும், ஒளியை மறைக்கும், இளம்பவளம் ஒட்டி வளர வேண்டிய இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

அக்களையை எடுப்பவை பாசி மேயும் மீன்கள். கிளிமீனோடு, நாம் ‘டெங்கிஸ்’ என்று வாங்கும் ஓரா மீனின் இனங்களும், வாலடியில் கத்தி போன்ற முள்ளையுடைய கத்திவால் மீன்களும் இப்பணியைச் செய்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை. கிளிமீன் பாறையோடு சேர்த்துச் சுரண்டுகிறது. கத்திவால் மீன் குறும்பாசியை நுனிப்புல் மேய்வது போல் மேய்கிறது. ஓரா மீன்களில் சில, பாறைப் பிளவுகளுக்குள் முகத்தை நுழைத்து, மற்ற மீன்களுக்கு எட்டாத பாசியைத் தின்கின்றன. அவை மேய்ந்து துப்புரவாக்கிய இடத்தில்தான் இளம்பவளம் வேர்கொள்வது போல் ஒட்டிக்கொண்டு வளர்கிறது.

பவளத்தைத் தின்னாமலேயே அதற்கு உதவும் மீன்களும் உண்டு. கிளைப் பவளத்தில் தங்கும் சிறு நீலப்பச்சை மீன்கள் பகலில் சற்று மேலெழுந்து, நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களை உண்ணும். பகைமீன் வந்தால் கிளைகளுக்குள் புகுந்துகொள்ளும். இரவில் அங்கேயே உறங்கும். அவற்றின் கழிவு பவளத்திற்கு உரமாகிறது. வீடு கொடுத்த பவளத்திற்கு மீன் செலுத்தும் வாடகை அது எனலாம்.

களை எடுப்பார் இல்லாதபோது

பாசி மேயும் மீன்கள் இல்லாமற்போனால் என்ன நிகழும் என்பதற்கு உலகில் சான்றுகள் உள்ளன.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான ஜமைக்காவில் நெடுங்காலம் அளவின்றி மீன் பிடிக்கப்பட்டது. பாசி மேயும் மீன்கள் அருகிவிட்டன. அதன்பின் நீண்ட முட்களையுடைய கடல்முள்ளி ஒன்றே பெரும்பாலும் பாசியைத் தின்று வந்தது. 1980ஆம் ஆண்டில் வீசிய பெரும்புயல் பவளங்களை உடைத்தது. 1983ஆம் ஆண்டில் நோய் கண்டு கடல்முள்ளிகள் மடிந்தன. களை எடுக்க எவரும் இல்லை. 1977ஆம் ஆண்டில் பாறைப் பரப்பில் ஏறத்தாழப் பாதியை மூடியிருந்த உயிர்ப்பவளம் 1993ஆம் ஆண்டில் 3 விழுக்காடாகக் குறைந்தது. அவ்விடத்தைப் பாசி பிடித்துக்கொண்டது. ஒரே வேலையாளை நம்பிய தோட்டம் அவர் நோயுற்றபோது காடானது போன்றது இந்நிகழ்ச்சி.

ஆஸ்திரேலியாவின் ஆர்ஃபியஸ் தீவில் ஆய்வாளர்கள் பவளப்பாறையின் சில பகுதிகளைக் கூண்டிட்டு, பெரிய மீன்கள் புகாதபடி மூன்றாண்டுகள் அடைத்து வைத்தனர். உள்ளே கடற்பாசி காடுபோல் வளர்ந்தது. பின்னர்க் கூண்டை அகற்றினர். வழக்கமாகப் பாசி மேயும் கிளிமீன்களும் ஓரா மீன்களும் முற்றிய பாசியை அவ்வளவாகத் தொடவில்லை. பிளாட்டக்ஸ் என்னும் தட்டையான பெரிய மீன் ஒன்றே வந்து அதனை வெகுவாகத் தின்றது. அம்மீன் பாசி தின்னும் என்று அதுவரை எவரும் எதிர்பார்க்கவில்லை. 2006ஆம் ஆண்டில் இவ்வாய்வு வெளியாயிற்று. இளங்களையை எடுப்பது எளிது, முற்றிய களையை எடுப்பது அரிது என்பதும், எந்த மீனையும் பயனற்றது என்று ஒதுக்கலாகாது என்பதும் இதனால் பெறப்படும்.

தமிழகத்தின் மன்னார் வளைகுடாவிலும் ஒரு செய்தி உண்டு. அங்கே 21 தீவுகளைக் கொண்ட பகுதி 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனைச் சேர்ந்த குருசடைத் தீவின் அருகே, வாணிகத்திற்காக வளர்க்கப்பட்ட வெளிநாட்டுக் கடற்பாசி ஒன்று பரவிக் கிளைப் பவளங்களை மூடியதை 2008ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

பவளம் வெளுத்தால் மீனும் பசிக்கும்

கடல்நீர் வழக்கமான வெப்பத்தைவிட ஒரு பாகை மட்டும் மிகுந்து, அது பல வாரங்கள் நீடித்தாலும் பவளம் தன் நுண்பாசிகளை இழந்து வெளுத்துவிடுகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் மடியும். முதலில் வெளுப்பவை பெரும்பாலும் கிளைப் பவளமும் மேசைப் பவளமுமே. அவற்றையே நம்பி வாழும் மீன்கள் என்ன செய்யும்?

1998ஆம் ஆண்டில் ஜப்பானின் ஒக்கினாவாவில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. முன்னர்க் கூறிய புள்ளிக் கிளாத்தி மீன்கள் அங்கே வளர்ச்சி குன்றி விரைவில் அருகிப்போயின. பலவகை உணவை உண்ணப் பழகிய மீன்களோ தாக்குப்பிடித்தன. நம் நாட்டில் 2010ஆம் ஆண்டில் தியோமான், ரெடாங் முதலிய தீவுகளில் பவளம் வெளுத்ததால், முக்குளிக்கும் இடங்கள் சில தற்காலிகமாக மூடப்பட்டன. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் உலகளாவிய நான்காம் பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டது.

இதனால்தான் ஆய்வாளர்கள் பவளப்பாறையின் நலத்தை அறிய வண்ணத்துப்பூச்சி மீன்களை எண்ணுகின்றனர். 2007ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ரீஃப் செக் மலேசியா என்னும் அமைப்பினர், கடலடியில் 100 மீட்டர் நாடாவை விரித்து, அதனையொட்டிக் காணும் வண்ணத்துப்பூச்சி மீன், கிளிமீன், களவாய் மீன் முதலியவற்றைக் கணக்கெடுக்கின்றனர். எட்டுக்கோட்டு மீன் இணையிணையாகத் திரிந்தால் அங்கே உயிர்ப்பவளம் உண்டு என்பது பொருள். அம்மீன் குறைந்துகொண்டே வந்தால் அது எச்சரிக்கை.

நமது கடமை

மெர்சிங் தீவுகளைச் சூழ்ந்த கடல் 1994ஆம் ஆண்டில் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரையிலிருந்து 2 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் வரை, மீன் பிடித்தலும் பவளம் எடுத்தலும் தடைசெய்யப்பட்டுள்ளன. சட்டம் மட்டும் போதாது. கடலிலிருந்து தொலைவில் தோட்டத்தில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு.

முதலாவது, மண். மறுநடவுக்காக நிலத்தைத் திருத்தும்போது மூடுபயிர் இல்லையேல், பெருமழை மண்ணை வாரிச் செல்லும். அது ஓடையில் கலந்து, ஆற்றில் சேர்ந்து, கடலை அடைகிறது. கலங்கிய நீரில் ஒளி புகாது. மேலும், மண் படிந்த பாசியை மீன்கள் விரும்பி மேய்வதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. களை எடுப்பவர் இருந்தும் களை எடுபடாத நிலை அதனால் உண்டாகிறது. ஆற்றோரப் புதர்களை அழியாது விடுவதும், மூடுபயிரைப் பேணுவதும், மழைக்கு முன் உரம் போடாதிருப்பதும் தோட்டத்திற்கும் நன்மை, கடலுக்கும் நன்மை. நாம் போட்ட உரம் ஆற்றோடு போனால் அது கடற்பாசிக்கே உரமாகும்.

இரண்டாவது, சந்தை. கிளிமீனையும் மற்றப் பாறை மீன்களையும் அடிக்கடி வாங்காமல், பாறையைச் சாராத கெம்போங், செலார் போன்ற மீன்களை வாங்கலாம். அவை விலையிலும் நமக்கு ஏற்றவை.

மூன்றாவது, சுற்றுலா. பள்ளி விடுமுறையில் தீவுக்குச் செல்லும்போது பவளத்தின்மேல் கால் வைக்கலாகாது. நாம் ஒரு நொடியில் மிதித்து முறிக்கும் கிளை வளரப் பல ஆண்டுகள் ஆகும். மீன்களுக்கு ரொட்டி போடுவதும் தவறு. ரொட்டி அவற்றின் இயற்கை உணவன்று.

மாணவர்களே! பவளத் தோட்டத்தில் கொத்துபவரும் உண்டு, சுரண்டுபவரும் உண்டு, மேய்பவரும் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் வயிற்றுக்காகவே உண்கின்றனர். ஆயினும் அவர்கள் உண்பதால்தான் தோட்டம் காடாகாமல் நிற்கிறது. அவர்களுடைய உணவைக் கெடுக்காமல் இருப்பதே நாம் அத்தோட்டத்திற்குச் செய்யக்கூடிய பேருதவியாகும்.

பயிற்சி வினாக்கள்

1. பவளத்திற்கு ஒளி புகும் நீர் ஏன் தேவை?
2. கிளைப் பவளத்திற்கும் உருண்டைப் பவளத்திற்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றினைக் கூறுக.
3. கிளிமீனால் வெண்மணல் உண்டாவது எவ்வாறு?
4. ஜமைக்காவில் நிகழ்ந்ததைத் தோட்டத்துக் களையோடு ஒப்பிட்டு எழுதுக.
5. வண்ணத்துப்பூச்சி மீன், கிளிமீன், ஓரா மீன் ஆகியவற்றின் படங்களை வரைந்து, அவற்றின் வாய்க்கும் உணவுக்கும் உள்ள பொருத்தத்தைப் பெற்றோரிடம் விளக்கிக் கூறுக.